வெள்ளிக்கிழம ஊத்துன பிலிமு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸு நம்பரு மட்டும் அடையாளந் தெரியும், அதுவும் மதுரையில எங்க ஆனையூருக்குப் போற பஸ்ஸு மட்டும். நான் சொல்லச் சொல்ல எம் மகன் வயித்துப் பேத்தி எழுதுறா. "அப்பத்தா, பைய சொல்லு, கை வலிக்குது"ங்கிறா. வலிக்கட்டும். உங்காத்தா பட்ட பாட்டுக்கு இது ஒரு வலியா?

அவ ஆத்தான்னா எம் மருமக. அவ பிலிமு செஞ்ச கதையத்தேன் சொல்லப் போறேன். சினிமாப் பிலிமு இல்ல. காய்கறிக் கடையில கரண்டுத் தராசு இருக்குல்ல, செவப்பா நம்பரு ஓடுமே, அது மொத மொதல்ல வந்த சமயத்துல வெயில்ல வச்சா நம்பரே தெரியாது. வண்டிக்காரன் ஒரு கையால தக்காளியப் போட்டுட்டு, இன்னொரு கைய நெத்திக்குக் குட பிடிக்கிற மாதிரி அது மேல பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு பாப்பான். வாங்க வந்தவுகளும் குனிவாக. ரெண்டு தலையும் முட்டிக்கும். அந்த நம்பரு மேல ஒரு மெல்லிசுத் தோலு ஒட்டுனா வெயிலு கண்ணக் கூசாது, பக்கவாட்டுல நின்னு பாத்தாலும் நம்பரு பளிச்சுனு தெரியும், கீறலும் விழுகாது. அந்தத் தோலுக்குப் பேருதேன் பிலிமு. சீமையில இருந்து கப்பல்ல வரும், வெலையக் கேட்டா தராசையே முழுங்கிரும்பாக. அதை நம்ம வீட்டுலயே, நம்ம ஆளு வாங்குற வெலையில செய்யணும்னு ஒரு பொம்பளப்புள்ள நெனச்சா. நெனச்சவ எம் வீட்டுக்கு மருமகளா வந்து சேந்தா. என் யோகம்.

அவ வந்த கதைய மொதல்ல சொல்லிப்புடுறேன், இல்லாட்டி ஒங்களுக்குப் பிடிபடாது. எம் மகனுக்குக் காளவாசல்ல லேத்துப் பட்டறை. அவ அப்ப யுனிவர்சிட்டியில பெரிய படிப்பு படிச்சுக்கிட்டிருந்தா. அந்தப் பிலிமை இழுக்குறதுக்கு ஒரு உருட்டுக் கம்பி வேணும்னு பட்டறைக்கு வந்திருக்கா. கண்ணாடி மேல கம்பிய வச்சா நடுவுல தலமுடி அளவுக்குத்தேன் சந்து இருக்கணுமாம், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரே அளவா. இவனும் கடைஞ்சு குடுத்தான். "சரியில்ல"ன்னா. மறுபடி கடைஞ்சான். "இந்தக் கோடி தூக்குது"ன்னா. பட்டறையில இருந்தவன்ல ஒருத்தன், "மாப்ள, அந்தப் புள்ள கம்பி வாங்க வருதா, ஒன்னையக் கடைய வருதா?"ன்னானாம். இவன் வீட்டுக்கு வந்து சோறு திங்காம யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். என்னடான்னா, "கம்பிம்மா"ம்பான். ஒரு நா, "கம்பி சரியாயிருச்சா?"ன்னு கேட்டேன். "ஆயிருச்சு. ஆனா அதைச் சொன்னா அவ வரமாட்டாளே"ன்னான். அப்பறம் எனக்கு என்ன வெளங்கணும்?

அவுக மகால் பக்கம் சேலை வியாபாரம் பண்ற குடும்பம். வீட்டுக்குள்ள தமிழு இல்ல, அவுக பாஷையத்தேன் பேசுவாக. நாங்க வெவசாயக் குடும்பம், எனக்குப் பொறந்த எடம் சோழவந்தான், வெத்தலக் கொடிக்கால்காரக. ரெண்டு பக்கமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தேன் திரிஞ்சோம். அப்பறம் அவ அப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. அவரு முன்னாடி வெத்தலத் தட்ட வச்சேன். நல்ல எளந்தளிரு. ஒண்ணு போட்டாரு, அப்பறம் இன்னொண்ணு போட்டாரு. "இது எந்தூரு வெத்தல?"ன்னு கேட்டாரு. அதுலருந்து சம்மந்தி எம் பக்கம்.

ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. "எம் பொண்ணுக்குப் பெங்களூர்ல பெரிய கம்பெனியில வேல தாரேன்னு சொல்லி வச்சிருக்காக. இங்க இருந்து பிலிமு செஞ்சு பாப்பேங்கிறா. செய்யட்டும். தேறலேன்னா ரெண்டு பேரும் பெங்களூர் போயிரட்டும். நீங்க மறிக்கக் கூடாது." எங்க வீட்டுக்காரரு சரின்னு தலையாட்டிட்டாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பிலிமு தேறலேன்னா மகனும் இல்ல மருமகளும் இல்லன்னு அன்னைக்கே எனக்கு ஏறிப்போச்சு.

எங்க வீட்டுக்கு முன்னாடி ரோட்டப் பாத்து ஒரு கடை ரூமு உண்டு, ஷட்டரு போட்டது. மின்ன அதுல எஸ்.டி.டி. பூத்து வச்சிருந்தோம். ஆளுக்கொரு போனு வந்த பெறகு அது படுத்துருச்சு. அந்த ரூமத்தேன் மருமக கேட்டா. ஷட்டரக் கீழ எறக்கி விட்டுட்டு, வீட்டுக்குள்ள இருந்து போற கதவுப் பக்கமா பொழங்குனா. தூசி ஆகாதுல்ல, அதுனால ஷட்டரத் தொறக்குறதே இல்ல. அவ படிச்ச எடத்துலயும் சீமையிலயும் இந்த வேலைக்குன்னே தூசி நொழையாத ரூமு கட்டுவாகளாம், உள்ள போறவன் கண்ணு மட்டுந்தேன் தெரியுமாம். இங்க என்ன இருக்கு? கலியாண வீட்டுல மழைக்குக் கட்டுற பிளாஸ்டிக் தாள வாங்கி மேல, சுத்தி, கீழன்னு போட்டா. காத்துப் போற ஓட்டைக்கு எம் பழைய மெல்லிசு நூலு வாயில் சேலைய நாலா மடிச்சுக் கட்டுனா. அந்தச் சேலை எனக்கு ரொம்பப் பிடிச்ச சேலை. போகட்டும்.

அவ செய்யிறதப் பாக்கக் கண்ணு ரெண்டு பத்தாது. பிளாஸ்டிக்குன்னா அரிசிக் குருணை மாதிரி இருக்கும். அதை ஒரு மருந்துல போட்டுக் கரைப்பா, தேனு மாதிரி ஆயிரும். அப்பறம் ஒரு வெள்ளப் பொடி. "இது என்னாத்தா?"ன்னேன். "மணல்தான் அத்தே"ன்னா. "நம்ம வைகையில கெடக்குற மணலா?" "அது மாதிரிதான். ஆனா ஒரு மணல எடுத்து, அதைத் துண்டாக்கி, அந்தத் துண்டையும் துண்டாக்கி, அதுக்குமேல துண்டாக்கவே முடியாதுங்கிற வரைக்கும் போனா இது வரும். கண்ணுக்குத் தெரியாது." "கண்ணுக்குத் தெரியாதத எப்பிடித்தா எண்ணிப் போடுவ?"ன்னேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அவ சிரிச்சா கன்னத்துல ஒரு குழி விழுகும், எழுதுற இவளுக்கும் அது இருக்கு.

அந்தப் பொடிதேன் வெயில அடக்குறது, கீறல் விழுகாமக் காக்குறது எல்லாம். ஆனா அது தேனுக்குள்ள கட்டி தட்டாம பரவணும். அதுக்கு ஒரு மெஷினு, எம் மகன் காத்தாடி ரெகுலேட்டரையும் ஒரு காந்தத்தையும் வச்சுச் செஞ்சு குடுத்தான். மேல கண்ணாடி டம்ளரு. உள்ள ஒரு சின்ன வெள்ளத் துண்டு, மீன் குஞ்சு மாதிரி, அதுவா சுத்திக்கிட்டே கெடக்கும். அதுக்குக் கையும் இல்ல கரண்டியும் இல்ல. நான் உள் கதவுல இருக்கிற கண்ணாடி ஜன்னலு வழியா நின்னு அந்த மீனையே பாத்துக்கிட்டிருப்பேன். ஒல கொதிச்சு அடங்குற வரைக்கும் பாத்திருக்கேன், சோறு கொழைஞ்சிருக்கு.

கரைச்சதக் கண்ணாடிப் பலகையில ஊத்தி, அந்தக் கம்பியால ஒரே இழுவை. மூச்சக் கூட விடமாட்டா. அப்பிடியே காயப் போடணும். ஒரு பகலு ஒரு ராவு ஆகும். காஞ்ச பெறகு ஒரு மூலையில நகத்த விட்டு உரிப்பா. உரியிறப்ப சிலு சிலுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, வெங்காயத்துல உள்தோலு இருக்கும்ல, பனி மாதிரி, அது மாதிரி ஒண்ணு அவ கையில தொங்கும். அதுக்குப் பின்னாடி அவ மூஞ்சி தெரியும். எனக்கு அப்பக் கோயில்ல தெர வெலகுன மாதிரி இருக்கும்.

எல்லாம் சரிதேன். புள்ளி விழுந்துச்சு. அங்கதேன் வந்துச்சு வெனை.

சில பலகையில பிலிமு நல்லா வரும். சிலதுல ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி. வெறும் கண்ணுல பாத்தா ஒண்ணுந் தெரியாது, வெளக்குக்கு முன்னாடி பிடிச்சா அம்மை போட்ட மாதிரி இருக்கும். புள்ளி விழுந்தது தராசுக்கு ஆகாது, நம்பரு பக்கத்துல இன்னொரு புள்ளி தெரிஞ்சா வெலையில சண்டை வந்துரும்ல. கோயமுத்தூர்ல தராசு செய்யிற கம்பெனி மொதலாளி ஒருத்தரு, நேர்ல வந்து பாக்குறேன்னு சொல்லியிருந்தாரு. அவரு பாத்துப் பிடிச்சா இங்கயே தொழிலு. பிடிக்காட்டி பெங்களூரு. இவ்வளவுதேன் கணக்கு.

மருமகளுக்குச் சோறு எறங்கல. பவுடரு மேல சந்தேகப்பட்டா, மாத்துனா. மருந்து மேல சந்தேகப்பட்டா, மாத்துனா. ஒரு நா அடுப்படி வாசல்ல வந்து நின்னுக்கிட்டு சேலை முந்தானையத் திருகுனா.

"என்னத்தா?"

"அத்தே, தாளிக்கிறப்ப எண்ணெய்ப் புகை வருதுல்ல..."

"ஆமா, வரும்."

"அது காத்துல கலந்து அந்த ரூமுக்குள்ள..."

மாமியாகிட்டப் போயி தாளிக்காதீகன்னு எந்த மருமக சொல்லுவா? நானே தாளிப்புக் கரண்டிய எடுத்துச் செவத்து ஆணியில மாட்டுனேன். "இந்தா, மாட்டியாச்சு. ஒம் பிலிமு தேறுற வரைக்கும் இந்த வீட்டுல கடுகு வெடிக்காது"ன்னேன்.

சொல்றது சுளுவா இருக்கு. தாளிக்காத ரசம் குடிச்சிருக்கீகளா? கழுவுன தண்ணி மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரரு மொத நா தட்டப் பாத்தாரு, எம் மூஞ்சியப் பாத்தாரு. "ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?"ன்னாரு. "பிலிமுக்கு முடியல"ன்னேன். "பிலிமு ரசங் குடிக்குமாக்கும்?"ன்னு மொனகிட்டுக் குடிச்சாரு. சட்னிக்குத் தாளிப்பு இல்ல, கொழம்புக்கு இல்ல. மிளகா வறுக்குறது இல்ல. பக்கத்து வீட்டு மதினி வீட்டுல தாளிக்கிற வாசம் வந்தா, மனுசன் காம்பவுண்டு ஓரமாப் போயி நின்னுக்கிட்டுக் காத்து வாங்குவாரு. "என்னண்ணே, இங்கிட்டு நிக்கிறீக?"ன்னு மதினி கேட்டா, "சும்மா, செடி பாக்குறேன்"ம்பாரு. அங்க செடியே கெடயாது.

புள்ளி நிக்கல.

அப்பறம் எங்க வீட்டுக்காரருதேன் ஒண்ணு கண்டுபிடிச்சாரு, அதையும் சொல்லணும். வேலை இல்லாத மனுசன், உரிச்ச பிலிமு எல்லாத்தையும் ஜன்னல்ல பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. "ஏம்மா, வெள்ளிக்கிழம ஊத்துனதுலதான புள்ளி சாஸ்தி?"ன்னாரு. பாத்தா நெசம். வெள்ளிக்கிழம ஊத்துனதுலயும், வியாழக்கிழம ஊத்தி ஈரமா கெடந்ததுலயும்.

எம் மகன், "அப்ப அந்த ரெண்டு நாளும் லீவு விட்டுருவோம்"னான். பட்டறக்காரன் புத்தி. அவ தலைய ஆட்டுனா. "காரணம் தெரியாம லீவு விட்டா, நாளைக்குத் திங்கக்கிழமயும் புள்ளி வரும். அதுவும் இல்லாம கோயமுத்தூர்க்காரரு வாரதே வெள்ளிக்கிழமதான். மதுரையில அவருக்கு வேற வேலை அன்னைக்கு. அவரு கண்ணு முன்னாடி உரிக்கணும்."

வெள்ளிக்கிழமன்னா எல்லாரும் என்னையத்தேன் பாத்தாக. பொறவு? அன்னைக்குத்தான நான் வீடு கழுவி, சாயந்தரம் சாமிக்குச் சூடம் கொளுத்தி, சாம்பிராணி போடுவேன். நான் சாமிகிட்டப் போயி நின்னேன். "ஆத்தா, ஒனக்குச் சாம்பிராணி இப்பதைக்கு இல்ல. சூடமும் இல்ல. எங்க வீட்டு ரசம் மாதிரி நீயும் கொஞ்ச நாளைக்கு அனுசரிச்சுக்க"ன்னேன். வெறும் எண்ணெய் வெளக்கு மட்டும். எங்க தாளிப்பும் போச்சு, சாமி சாம்பிராணியும் போச்சு.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமயும் புள்ளி.

அன்னைக்கு அவ அழுதா. சத்தமில்லாம, பாத்திரம் தேச்சுக்கிட்டே. அவுக அம்மாகிட்ட போன்ல அவுக பாஷையில என்னமோ சொன்னா, எனக்கு ஒரு வார்த்தை வெளங்கல. ஆனா பெங்களூருங்கிறது எல்லாப் பாஷையிலயும் பெங்களூருதான. நான் அவ தலையில கைய வச்சுக்கிட்டு நின்னேன். வேற என்ன தெரியும் எனக்கு?

மறு வாரம் அவ ஒரு முடிவோட இருந்தா. வெள்ளிக்கிழம காலையில இருந்தே ரூமுக்குள்ள வெளக்க அணைச்சுட்டு, ஒரு டார்ச்சு லைட்டோட உக்காந்துட்டா. டார்ச்ச அடிச்சா அந்த ஒளியில தூசி பறக்குறது தெரியுமில்ல, அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்க. நான் வீட்டுப் பக்கக் கதவுகிட்ட கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவளுக்குத் தொணையா.

கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து, "அத்தே!"ன்னா. பயந்து போயி எந்திரிச்சு ஜன்னலு வழியாப் பாத்தேன். டார்ச்ச ஷட்டருக்கு அடியில அடிச்சுக்கிட்டு நிக்கிறா. அந்த வெளிச்சத்துல, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவுல உள்ள சந்து வழியா, நூலு நூலா புகை. அது பாட்டுக்கு நெளிஞ்சு நெளிஞ்சு, ஏதோ சொந்த வீட்டுக்கு வார மாதிரி உள்ள வருது. வாசனையோட.

அவ ஓடிப்போயி ஷட்டரத் தூக்குனா. கடகடன்னு.

வெளிய, குத்துக்கால் போட்டு உக்காந்துக்கிட்டு, சாம்பிராணி பாய்! கையில புகைச் சட்டி, இன்னொரு கையில மயிலெறகு விசிறி. ஷட்டருக்கு அடியில மொகத்த வச்சு விசிறு விசிறுன்னு விசிறிக்கிட்டிருந்தவரு, திடீர்னு ஷட்டரு மேல போகவும் பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டாரு. "யா அல்லா! உள்ள ஆளு இருந்தீகளா!"ன்னாரு.

அந்தப் பாய்க்கு எங்க தெரு வெள்ளிக்கிழம மொறை. கடை கடையா நின்னு சாம்பிராணி காட்டுவாரு, கடைக்காரக குடுக்குறத வாங்கிக்குவாரு. எல்லா ஊருலயும் உள்ளதுதான. எங்க பூத்து ஓடுன காலத்துல எங்களுக்கும் காட்டுவாரு. பூத்த மூடுனதோட வாரதில்லன்னு நாங்க நெனச்சோம்.

"நீங்க இன்னும் எங்க கடைக்குப் போடுறீகளா பாய்?"ன்னு கேட்டேன்.

"என்னக்கா இப்பிடிக் கேட்டுட்டீக? தொறந்த கடைக்குப் போடுறது தொழிலு. மூடுன கடைக்குத்தானக்கா அவசியம் போடணும்? ஓடிக்கிட்டிருந்த கடை, இப்பிடி ஷட்டரு எறங்கிக் கெடக்கேன்னு வாரா வாரம் மனசு கேக்கல. அதேன் குனிஞ்சு, நாலு வீச்சு சேத்து வீசுவேன். மறுபடி தொறக்கணும்னு ஒரு துவாவும் சொல்லிருவேன். மூடுன கடைக்கு யாருகிட்டயும் காசு கேக்குறதில்ல."

மருமக அப்பிடியே நிக்கிறா. ஒரு கையால ஷட்டரப் பிடிச்சுக்கிட்டு, மறு கையில டார்ச்சு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, பட்டப் பகல்ல. "உள்ள வேலையா இருந்தேன் பாய்"னு மட்டும் சொன்னா. அவரு சந்தோசமா எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போயிட்டாரு. அவரு போன பெறகு அவ உள்ள வந்து தரையில உக்காந்து சிரிச்சா பாருங்க. சிரிச்சு, அழுது, மறுபடி சிரிச்சா. "அத்தே, இத்தன நாளும் மாமாவுக்குத் தாளிப்ப நிறுத்தி வச்சிருந்தோமே!"ன்னா.

சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. இனிமே அவருகிட்டச் சொல்லணுமே? அங்கதேன் எல்லாரும் மாட்டிக்கிட்டோம். சாம்பிராணி போடுறவுகளப் பாத்து, போடாதீகன்னு வாயால எப்பிடிச் சொல்றது? அதுவும் காசு வாங்காம நம்ம கடை தொறக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போட்டவரு. எங்க வீட்டுக்காரரு, "நான் ஆம்பள, நான் சொல்லிட்டு வாரேன்"னு கெளம்புனாரு. பாய் டீக்கடையில இருந்தாரு. இவரு போயி உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தாரு. "சொல்லிட்டீகளா?" "அவரு மகளுக்குக் கலியாணம் பேசியிருக்காக. நம்மள அவசியம் வரச் சொன்னாரு"ன்னாரு. எம் மகன் போனான். அவன் திரும்பி வந்தப்ப கையில ஒரு பொட்டலம், சாம்பிராணிக் கட்டி. "வீட்டுல போடுறதுக்கு நல்ல சரக்காக் குடுத்தாரும்மா. வேணாம்னு சொல்ல முடியல"ன்னான். நான் அவன அடிக்கப் போயிட்டேன்.

கடைசியில மருமகதேன் போனா. நானும் கூடப் போனேன். அவ போடாதீகன்னு சொல்லவே இல்ல. ரெண்டு பிலிமக் கையில எடுத்துட்டுப் போனா. ஒண்ணு சுத்தமானது, ஒண்ணு புள்ளி போட்டது. பாய் வீட்டு வாசல்ல வச்சு, ரெண்டையும் சூரியனுக்கு நேராப் பிடிச்சு, "இதப் பாருங்க பாய்"னா.

அவரு கண்ணச் சுருக்கிப் பாத்தாரு. "இது கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்னம்மா பழுப்பாப் பொட்டுப் பொட்டா?"

"உங்க புகை பாய்."

"எம் புகையா?"

"நீங்க வீசுனது. உள்ள போயி, ஈரத்துல உக்காந்து, அப்பிடியே காஞ்சிருச்சு. கடை மூடல பாய். உள்ளுக்குள்ள தொறந்துதான் இருக்கு. நாங்க இதத்தான் செய்யிறோம்."

அவரு அந்தப் புள்ளி போட்ட பிலிமக் கையில வாங்கிக்கிட்டாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. மூஞ்சி சிறுத்துப் போச்சு அவருக்கு. "அப்ப நான் ஒங்க பொழப்பக் கெடுத்தேனா தாயி?"ன்னாரு.

"ஐயோ, இல்ல பாய். யாரும் செய்யாதத நீங்க செஞ்சீக"ன்னா. சொல்லிட்டு அவ கண்ணு தண்ணியாயிருச்சு. அவருக்கும் ஆயிருச்சு. நான் நடுவுல நின்னுக்கிட்டு, "ரெண்டு பேரும் அழுது பிலிம நனைக்காதீக"ன்னேன். அப்பறந்தேன் சிரிச்சாக.

அவரு அந்தப் பிலிமத் திருப்பித் தரல. "புகையப் பிடிச்சு யாரும் பாத்ததில்ல. நான் பாத்துட்டேன். இத நானே வச்சுக்கிறேன்"னு உள்ள கொண்டுட்டுப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரரு மொதல்ல கேட்டது, "அப்பத் தாளிப்பு மேல குத்தமில்லேல? போடு கடுக!" நான் ஆணியில தொங்குன கரண்டியப் பாத்தேன். எடுக்கல. "பிலிமு தேறுற வரைக்கும்னு சொல்லி மாட்டியிருக்கேன். தேறட்டும்"னேன். மனுசன் காம்பவுண்டு ஓரமா செடி பாக்கப் போயிட்டாரு.

கோயமுத்தூர்க்காரரு சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழம வந்தாரு. நல்ல ஒசரம், வெள்ளச் சட்டை. காருலயே ஒரு தராசு கொண்டாந்திருந்தாரு. ரூமப் பாத்தாரு, கலியாண வீட்டுப் பிளாஸ்டிக்கப் பாத்தாரு, எம் வாயில் சேலையப் பாத்தாரு. "மெஷின் எங்கம்மா?"ன்னாரு. மருமக கம்பியக் காட்டுனா. "இத யாரு கடைஞ்சா?" எம் மகன் பின்னாடி நின்னு கையத் தூக்குனான், பள்ளிக்கூடத்துல தூக்குற மாதிரி. அவரு சிரிக்கல.

"இன்னைக்கு எதை உரிக்கப் போறீங்க?"

"நேத்து ஊத்துனது சார்."

வியாழக்கிழம ஊத்துனது. பாய்க்குச் சொல்லியாச்சுதேன். ஆனாலும் அவரு வார நேரம். மறதியா வந்து குனிஞ்சு வீசிட்டாருன்னா? நான் பைய வாசலுக்கு வந்து நின்னேன்.

தெருக் கோடியில வந்துக்கிட்டிருந்தாரு. சைக்கிள் கடைக்குப் போட்டாரு, பலசரக்குக் கடைக்குப் போட்டாரு. எங்க கடைக்கு ரெண்டு கடை இருக்கையிலயே நின்னுட்டாரு. தோள்ல தொங்குன பைக்குள்ள இருந்து ஒரு மண் மூடி எடுத்தாரு, புதுசு. சட்டிய மூடுனாரு. ரோட்டத் தாண்டி எதுத்த பக்கம் போனாரு. எதுத்த பக்கமா நடந்து வந்து, எங்க ஷட்டருக்கு நேரா நின்னு, சட்டியக் கீழ வச்சுட்டு, வெறும் மயிலெறக எங்க பக்கமா நாலு வீச்சு வீசுனாரு. வாய் முணுமுணுத்துச்சு. அப்பறம் சட்டிய எடுத்துக்கிட்டு நடந்து போயி, நல்லா தள்ளிப் போயிட்டுத்தேன் மூடியத் தொறந்தாரு.

கோயமுத்தூர்க்காரரு அப்பத்தேன் உரிச்ச பிலிமக் கத்தரிச்சுத் தராசுல ஒட்டி, வெயில்ல வச்சுப் பாக்க வெளிய கொண்டு வந்தாரு. பாய் ஒதுங்கிப் போறத அவரு பாத்துட்டாரு. "அவரு ஏன் மூடிக்கிட்டு அங்கிட்டுப் போறாரு?"ன்னாரு.

"அவரும் எங்க ஆளுதான் சார்"னா மருமக.

காய்வண்டிக்காரி ஒருத்தி போனா. அவகிட்டத் தக்காளி வாங்கித் தராசுல வச்சாரு. உச்சி வெயிலு. நேரா நின்னு பாத்தாரு, பக்கத்துல நின்னு பாத்தாரு, உக்காந்து பாத்தாரு. நகத்த வச்சு அந்தத் தோலக் கீறிப் பாத்தாரு. நானும் எட்டிப் பாத்தேன். எனக்கு என்ன நம்பருன்னு தெரியல, ஆனா தெரியாததே பளிச்சுனு தெரிஞ்சுச்சு. புள்ளி ஒண்ணு இல்ல. காய்வண்டிக்காரி, "ஐயா, இந்தத் தராசு எங்க கெடைக்கும்?"னா. அவரு அவளத் திரும்பிப் பாத்துட்டு, "போயிட்டுச் சொல்லி அனுப்புறேன்"னு மருமககிட்டச் சொன்னாரு. போயிட்டாரு.

சொல்லி அனுப்புறேன்னா என்ன அர்த்தம்? பொண்ணு பாத்துட்டுப் போறவனும் அதைத்தான சொல்வான்? வீட்டுல யாரும் யாரு மூஞ்சியவும் பாக்கல. பெங்களூர்க்காரனும் அந்த மாசக் கடைசிக்குள்ள பதிலு கேட்டிருந்தான். அவ பாட்டுக்கு ஊத்துனா, இழுத்தா, உரிச்சா. போனு அடிச்சா நாலு பேரும் ஓடுவோம். ஒருக்கா பாய் பேசுனாரு. "வந்தவுக என்ன சொன்னாக?"ன்னு அவருதேன் கேட்டாரு. நாங்க ரசத்தக் குடிச்சோம். எங்க வீட்டுக்காரரு கொற சொல்றதையே விட்டுட்டாரு, அதுதேன் எனக்கு இன்னும் வலிச்சுச்சு.

அப்பிடி ஒரு நா நான் பருப்புக் கடைஞ்சுக்கிட்டிருந்தேன். முன் ரூமுல போனு அடிச்சுச்சு. அவதேன் எடுத்தா. "சொல்லுங்க சார்"ங்கிறது கேட்டுச்சு. அப்பறம் ஒண்ணுங் கேக்கல. கடையிற மத்த நிறுத்திட்டேன்.

அவ அடுப்படிக்கு வந்தா. வாசல்ல நின்னா. என்னையத் தாண்டிப் போயி, எக்கி, செவத்து ஆணியில இருந்த தாளிப்புக் கரண்டிய எடுத்தா. அதுல ஒட்டடை கட்டியிருந்துச்சு. முந்தானையால தொடைச்சா, உள்ளயும் வெளியவும், பிலிமுக் கண்ணாடியத் தொடைக்கிற மாதிரியே. தொடைச்சு எங் கையில குடுத்தா.

நான் எண்ணெய ஊத்துனேன். கொஞ்சம் சாஸ்தியாவே ஊத்திட்டேன். கடுகப் போட்டேன். பட பட பட படன்னு அது வெடிச்ச சத்தத்துக்கு, கொல்லையில இருந்து எங்க வீட்டுக்காரரு செருப்புக் கூட மாட்டாம ஓடி வந்தாரு.